மூக்கை ரிவர்ஸில் தொட்டவர்

நாற்பதடிப் பேருந்தை நாலு விரல் இடைவெளியில் நுழைத்து எடுப்பதால் டிப்போவில் அந்த டிரைவருக்கு ‘இன்ச் அண்ணன்’ என்று பட்டம். பின்சக்கரம் எந்தக் குழியின் ஓரத்தில் நிற்கிறது என்பதை இருக்கையை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். வீட்டில்தான் தினம் ஒரு முறை கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு கட்டிலைத் திட்டுவார்.

கண்ணை மூடினாலும் கை எங்கே, கால் எங்கே என்று தசையும் மூட்டும் மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்புமாம். இருபத்திரண்டு வருடச் சேவையில் அண்ணனின் மூளை அந்த இலாகா முழுவதையும் பேருந்துக்கே ஒதுக்கிவிட்டது.

குட்டு உடைந்தது வருடாந்திர உடல்தகுதிச் சோதனையில். கண்ணை மூடி, கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். அண்ணன் முதலில் காதைத் தொட்டார். அடுத்து புருவம். மூன்றாவது முறை, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் கண்ணாடி.

“ஒரு வாரம் டைம் தரேன். அப்பவும் தப்பினா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. ஆபீஸ்ல உக்காந்து சீல் குத்தலாம்.”

சீல் குத்தவும் காகிதம் எங்கே என்று கைக்குத் தெரிய வேண்டுமே என்று நிர்வாகம் யோசிக்கவில்லை. யோசிப்பது அதன் வழக்கமும் இல்லை.

“சோறுன்னா கை கரெக்டா வாய்க்குப் போகுது, ரெண்டு இன்ச் மேல ஏற மாட்டேங்குதா?” என்றார் மனைவி, துணி மடித்தபடி.

“கிண்டல் பண்ணாதடி. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போறது ரிவர்ஸ் மாதிரி. யாராவது குரல் குடுத்தாத்தானே எடுக்க முடியும்?”

மனைவி பழைய கண்டக்டர். அதே பேருந்தின் பின்படியில் எட்டு வருடம் குரல் கொடுத்தவர். கல்யாணமும் அந்தக் குரலால் வந்ததுதான். துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

“வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிங்க… வரலாம்… ஹோல்டான்!”

கண்ணை மூடி நீட்டிய அண்ணனின் விரல் வளைந்து வந்து மூக்கு நுனியில் நின்றது.

சோதனை நாளன்று மனைவியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். அண்ணன் கண்ணை மூடினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிங்க… ஹோல்டான்!” என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

மூன்று முறையும் மூக்கு. கதவுக்கு அப்பால் நின்றவருக்கு விரலும் தெரியாது, மூக்கும் தெரியாது என்பது அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. குரல் கொடுக்கக் கூடாது என்று விதியிலும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழும் கையுமாகக் கம்பீரமாக வெளியே வந்த அண்ணன் கதவு நிலையில் ‘டங்’கென்று இடித்துக்கொண்டார்.

“ஐயோ, எங்கேங்க பட்டுது?”

“பின்பம்பர்லதான், ஒண்ணுமில்ல” என்றார் அண்ணன், முழங்கையைத் தடவிக்கொண்டே.