கத்துகிறவர் காத்திருக்கலாம்

நம்பாவிட்டால் போங்கள். நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. பதினோரு வருடமாக ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவன் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல பி.பி. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள். ஆனால் இது எனக்கே நடந்தது.

காலை 6.12. மூடுபனி. வளைவில் ஒரு கார் தடுப்பை உடைத்துக்கொண்டு சரிவில் கிடப்பதாக லாரிக்காரர் ஒருவர் போன் செய்திருந்தார். எங்கள் வண்டியை ஓட்டியது ஹாரன். ஆளில்லாத ரோட்டிலும் ஹாரன் அடிப்பான், அதனால் அந்தப் பெயர்.

6.21-க்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறக்கும்போதே அலறல் கேட்டது. ஆண் குரல். காரின் டிரைவர் சீட்டிலிருந்து வந்தது. கண்ணாடியோரம் விரிந்து தொங்கிய ஏர்பேக் மறைத்ததில் முகம் தெரியவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. வெளியாட்களிடம் சொல்வதில்லை, சொன்னால் அடிக்க வருவார்கள். கத்துகிறவர் காத்திருக்கலாம். கத்த முடிகிறதென்றால் மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும்.

பின்பக்கம் டார்ச் அடித்தேன். சீட்டுகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிறுமி. ஏழு வயதிருக்கும். உதடு வெளுத்திருந்தது. நாடி இருக்கிறதா இல்லையா என்று இரண்டு முறை தேட வேண்டியிருந்தது. முன்சீட் அவள் தொடையை நசுக்கிப் பிடித்திருந்தது. அதனால்தான் ரத்தம் மெதுவாகக் கசிந்திருக்கிறது. சீட்டை நகர்த்தினால் பீறிடும். நகர்த்தாமல் அவளை எடுக்கவும் முடியாது. முதலில் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையைத் தொடையில் கட்ட வேண்டும்.

மேலே நின்ற லாரிக்காரர் திட்ட ஆரம்பித்தார்.

"யோவ்! அந்தாளு உசுரு போற மாதிரி கத்துறாரு. காது செவிடா?"

ஹாரனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, ஒரு எட்டு அவரையும் பாத்துடலாமா?"

"கத்தட்டும்டா. நீ சீட்டைப் பிடி."

சொல்லிவிட்டேன், ஆனால் கணக்கு தப்பினால் அந்தச் சாவு என் தலையில்தான்.

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. அலறல் ஏறவில்லை, இறங்கவில்லை. வலியில் கத்துகிறவர் நடுவில் மூச்சு வாங்குவார். இவர் வாங்கவே இல்லை. நடிக்கிறாரா? குடித்துவிட்டு ஓட்டியிருப்பாரோ? பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போது தன்னை முதலில் பார்க்கச் சொல்லி நாடகமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

"சார், கொஞ்சம் இருங்க. வந்துடறேன்!"

அலறல் சட்டென்று நின்றது.

கத்தியவர் அடங்கிவிட்டால் ஆபத்து. விதிப்படி நான் அவரிடம் ஓட வேண்டும். பாதி கட்டிய பட்டையிலிருந்து கையை எடுத்தேன்...

"நான் கத்திட்டுத்தானே இருக்கேன்..."

என் காதருகே.

சாதாரணக் குரல். அதில் வலியே இல்லை.

"அவளைப் பாருங்க..."

மறுபடியும் அலறல். அதே அளவு.

ஹாரன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

பட்டையை முறுக்கினேன். 6.29. சீட்டை நெம்பினோம். 6.31-க்குச் சிறுமி வெளியே வந்தாள்.

அந்த நொடியில் அலறல் அறுந்தது...

அவளை ஹாரன் கையில் கொடுத்துவிட்டு முன்கதவுக்கு ஓடினேன்.

கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. கன்னத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

தாடையைத் திறக்கப் பார்த்தேன்...

விறைத்திருந்தது.

செத்தவரின் தாடை விறைக்க எப்படியும் இரண்டு மணி நேரமாகும்.

சிறுமி பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மாவைப் பார்த்தேன். விறைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் சத்தம் போடாம கிடந்திருந்தா, நான் அவர்கிட்டதான் முதல்ல போயிருப்பேன்மா. பாப்பாவைப் பாக்க நேரமாகியிருக்கும். அவர் கத்தினதாலதான்..."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏமாற்ற வந்தவனைப் பார்ப்பது போல.

"ஆளை மாத்திச் சொல்றீங்க. அவருக்குத் தொண்டைல புத்துநோய். குரல்வளையை எடுத்து நாலு வருஷமாச்சு. மூச்சே கழுத்துல போட்ட ஓட்டை வழியாத்தான். ஒரு முனகல்கூட வராது."

"ஆனா நான் கேட்டேனேம்மா."

"நீங்க கேட்டது வேற யாரையோ," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காரில் வேறு யாரும் இல்லை.

நாலடி போனவர் நின்றார். திரும்பி என்னிடமே வந்தார். சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் கண் நிறைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு... அவர் குரல்?"