மிதந்த உலைக்கல்

சொக்கம்மாள் என் அம்மாவுக்கு நேர் மூத்தவள். எனக்குப் பெரியம்மா. அவள் வாழ்க்கைப்பட்டது எர்ணாவூரில், என் அம்மா முகத்துவாரக்குப்பத்தில். பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, பெரியம்மாவின் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

வேலை பக்கத்திலேயே ஒரு கல் கம்பெனியில். வீடு கட்டுகிற செங்கல் இல்லை, இரும்பு உருக்குகிற உலைக்குள் பதிக்கிற கல். சூளையிலிருந்து வருவதைத் தரம் பிரிப்பது அவள் பொறுப்பு. சந்தையில் பானை வாங்குகிறவள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாளே, அதே கதைதான். கணீரென்றால் நல்ல கல். பொத்தென்றால் உள்ளே விரிசல், குப்பைமேட்டுக்குப் போகும். மேட்டில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை வெளிறிய கற்கள் வந்தன. தூக்கினால் கையில் கனமே இல்லை. ஒன்றைத் தட்டினாள், பொத். அடுத்ததும் பொத். ஒரு சூளை முழுக்கவா பழுதாகும் என்று அவளுக்கே சந்தேகம். கேட்கலாமென்றால், ஆராய்ச்சி அறை லியோனார்ட் சார் காய்ச்சலில் ராயபுரத்து வீட்டில் படுத்திருந்தார். எல்லாவற்றையும் மேட்டில் கொட்டச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளைப் பார்க்கப் போன என் அப்பா பொன்னுரங்கம், மேட்டடியில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு கல் மிதப்பதைப் பார்த்தார். வலைக்கு மிதப்புக் கட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது போதாதா? பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் கால்வாய் வழியாகப் படகைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை லியோனார்ட் சார் வந்து தன் கல் எங்கே என்று கேட்டார். பெரியம்மா ஒளிக்கவில்லை. தட்டினேன், பொத்தென்றது, கொட்டிவிட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. மேட்டில் மிச்சம் கிடந்த ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே ஆப்பம் போலப் பொடிப்பொடி ஓட்டை. மண்ணோடு உமியைக் கலந்து சுட்டிருக்கிறார். உமி எரிந்துபோய் அதன் இடம் மட்டும் ஓட்டையாக நிற்கிறது. அந்த ஓட்டைதான் உலைச் சூட்டை வெளியே விடாது, கரி மிச்சமாகும் என்றார்.

"ஓட்டைன்னா சூடு வெளியதானே போவும், சார்?" என்று கேட்டாள் பெரியம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். சனிக்கிழமை முதலாளி வருகிறார், அதற்குள் புதுக் கல்லில் ஒரு சோதனை உலை நிற்கவேண்டும், கல் வராவிட்டால் சொக்கம்மாளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே குப்பத்துக்கு வந்தாள். கடற்கரையில் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கல்லெல்லாம் கொஞ்ச நேரம் மிதந்ததாம், பிறகு தண்ணீர் குடித்து வலையோடு முழுகிவிட்டதாம். மீட்ட கற்களுக்குப் படகுக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, மறுபடி வலையில் கட்டியிருந்தார். அவை மட்டும் முழுகவில்லை.

பெரியம்மா ஒவ்வொன்றாக வலையிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, உங்க கம்பெனி உலையில மீனா புடிக்கப் போறாங்க?" என்றார் அப்பா.

"புடிக்கிறது நீ. அங்க வறுக்கப் போறாங்க. கத்திய குடு."

பாதிக் கல்தான் தேறியது. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டு, பிறகு ஆறிக்கொண்டிருந்த பழைய சூளையின் மேல் அடுக்கிக் காயவைத்தாள். ஈரக் கல் நெருப்பில் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். குங்கிலியத்தை என்ன செய்வது என்று லியோனார்ட் சாரைக் கேட்டாள். உமி போன வழியில் அதுவும் போகும் என்றார். அப்படியும் ஒரு பக்கச் சுவருக்குத்தான் கல் போதுமாக இருந்தது. மற்ற பக்கங்களுக்குப் பழைய கல்லையே வைத்துக் கட்டினார்கள்.

சனிக்கிழமை உலை எரிந்தது. முதலாளி பழைய சுவரிடம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. உலை முழுக்க ஏன் இதில் கட்டவில்லை என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் லியோனார்ட் சாரைப் பார்த்தார்.

"மீதிக் கல்லு கடல்ல கீது, சார்," என்றாள் பெரியம்மா.

முதலாளிக்குப் புரியவில்லை. லியோனார்ட் சார் சொன்ன பிறகு சிரித்தார். அடுத்த சூளையும் உமிக் கல்லே போடச் சொன்னார். மேனேஜர் போகிறபோது பெரியம்மாவிடம், திங்கட்கிழமை நேரத்துக்கு வா, புதுக் கல்லைத் தட்டாதே, ஒன்றை உடைத்துப் பார் என்றார்.

அவள் அங்கேயே நின்று சுவரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இரும்பையே பழுக்கவைக்கிற நெருப்பு, இந்தப் பக்கம் வெயிலில் கிடந்த பாத்திரச் சூடுதான்.

"ஏன் சார், ராயபுரத்துல ஐஸுக்கட்டி மேல உமி கொட்றாங்களே. அதுக்கும் இதானா?"

"அதேதான். உள்ள மாட்டிக்கின காத்து நவுராது. சூட்ட சீக்கிரமா கடத்தாது."

"அப்ப உமி எரிஞ்சிபோயும் வேல செய்யுது," என்றாள் பெரியம்மா. கையை இன்னும் எடுக்கவில்லை.