தாடைக்கு ஏறிய கோடு

சும்மா இருக்கச் சொன்ன வேலையைக்கூடச் சொதப்பியவன் நான். தாம்பரத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமே கிடையாது. ரயில்வே கேட் மூடிய பிறகு பைக்கைச் சாய்த்து அடியில் நுழைக்கிறவனைத் தினமும் பார்க்கலாம். அவனுக்காவது எங்கோ போக அவசரம். எனக்கு இருந்த ஒரே பொறுப்பு, எட்டு மாதம் தாடியில் கை வைக்காமல் இருப்பது. படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம், ஓர் ஆட்டுக்கடாவால்கூட முடியும். என்னால் ஐந்து மாதம்தான் முடிந்தது.

மனைவி முழுகாமல் இருந்தால் கணவன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் வழக்கம். என் மனைவி சேலையூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவள். அதனால் நானும் வழக்கம்போல மழித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் மாதம் ஒரு காலை, மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டு வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்றவள், பக்கத்தில் ரேசரோடு காத்திருந்த என்னைப் பார்த்தாள்.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க. ஆனா நீங்க தாடி வைங்க."

"எதுக்கும்மா?"

"எல்லாத்தையும் நான் ஒருத்தியே பண்ணிட்டிருக்கேன். உங்க பங்குக்கு ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்."

ரேசரை வைத்துவிட்டேன். அன்று நான் எவ்வளவு பெருந்தன்மையாக வைத்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு அந்தத் தாடியால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. ஹவுஸ் ஓனர் நிறுத்தி விசாரிப்பார். டீக்கடையில் "லவ் ஃபெயிலியரா மச்சான்?" என்பான் கூட வேலை பார்க்கிறவன். "இல்லடா, லவ் சக்ஸஸ்" என்பேன். எல்லாரும் கைகொடுப்பார்கள். வாந்தி எடுத்தவள் அவள், வாழ்த்து வாங்கியவன் நான். ஊசி அவளுக்கு, உபசாரம் எனக்கு.

அப்போது நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தேன். ஆர்டர் பிடிப்பது, வருகிற பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு ஷெட்டைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. தாடி வைத்த ஐந்தாவது மாதத்தில் அது கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. முதலாளி ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாயா இது? நாளைக்கு வடக்கேர்ந்து பார்ட்டி வர்றாங்க. உன்னப் பாத்தா ஸ்கிராப் திருட வந்தவன் மாதிரி கீது."

"வீட்ல முழுகாம இருக்காங்க சார்."

"அவங்கதான முழுகாம கீறாங்க? நீ குளிக்கலாம் இல்ல?"

ஷெட்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் மேற்குத் தாம்பரம் சலூனில் வண்டியை நிறுத்திவிட்டேன். தாடியை எடுக்கப் போவதில்லை, கழுத்தை மட்டும் சுத்தம் செய்யப் போகிறேன், கழுத்து முடி தாடிக் கணக்கில் வராது என்று வழி நெடுக எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

சலூன்காரர் துணியைப் போர்த்திவிட்டு, "இன்னா சார், வேண்டுதலா?" என்றார். பெருமை தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். மறு நிமிடம் துணியை உருவிவிட்டார்.

"மொதல்ல எழுந்துரு சார். நான் கத்தி வெக்க மாட்டேன்."

"கழுத்து மட்டும்தானேண்ணா?"

"கழுத்து இன்னா பக்கத்து வூட்டுக்காரனோடதா? கொயந்த பொறக்கட்டும் சார், ஓசிலயே பண்ணி வுடுறேன். தொண்ட எலும்புக்கு மேல ரெண்டு வெரல் வுட்டு, ரெண்டு காதாண்டையும் வளைச்சினு போய் அப்டியே ஷோக்கா நிறுத்துறேன். இப்ப வோணாம்."

ஊருக்கே தெரிந்த வழக்கத்தை மீறக் கூச்சம் அந்த மனிதருக்கு இருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் அவர் போகிற போக்கில் சொல்லிவிட்ட அளவு. ஸ்டேஷன் வாசலில் பிளாட்பாரக் கடையில் ஒரு சைனா ட்ரிம்மர் வாங்கினேன்.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பிப் போனதும் பாத்ரூமுக்குள் புகுந்தேன். தொண்டை எலும்புக்கு மேல் இரண்டு விரல். வைத்துப் பார்த்தேன், சரி. தலையை நன்றாக அண்ணாந்துகொண்டு, கண்ணாடியைக் கடைக்கண்ணால் பார்த்தபடி இடமிருந்து வலமாக ஓட்டினேன். அண்ணாந்திருக்கும்போது கோடு அற்புதமாகத் தெரிந்தது. தலையை நேராக்கியதும் வலது பக்கம் மேலே நின்றது. இடது பக்கத்தையும் அதற்குச் சமமாக ஏற்றினேன். இடது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வலதை ஏற்றினேன். இப்படி இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய், கடைசியில் தாடை எலும்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டன. கோட்டுக்குக் கீழே, கோழித்தோல் மாதிரி வெளுத்துப் போன என் இரட்டை நாடி ஐந்து மாதம் கழித்து வெளியுலகத்தை எட்டிப் பார்த்தது. முகத்தில் ஒரு கருப்புக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தேன்.

இதில் உச்சம், அன்று வந்த பார்ட்டியின் தலைவர் ஒரு சர்தார்ஜி. நெஞ்சு வரைக்கும் தாடி. என் கழுத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வெல்டிங்கைப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார்.

மாலையில் அவள் பார்த்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"யார் பண்ணிவிட்டா?"

"நானேதான். தாடி அங்கயேதான் இருக்கு பாரு. எல்லை மட்டும்தான் அளந்தேன், சர்வேயர் வந்து கல்லு நட்டுட்டுப் போன மாதிரி."

என் எல்லா ஜோக்குக்கும் சிரிக்கிறவள். மோசமான ஜோக்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"ஆமா."

"எங்கிட்ட ஸ்கூல்ல மூணு மாடி ஏறாதன்னுகூட யாரும் சொல்லல. ஏறிட்டுதான் இருக்கேன்." பிறகு என் கழுத்தைப் பார்த்து, "சும்மா இருக்கக்கூட உங்களால முடியலையா?" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். கழுத்தில் முடி மறுபடி வளர்ந்து, கோடு மங்கிக்கொண்டே வந்தது. முழுக்க மறைந்துவிட்டால் அவளும் மறந்துவிடுவாள் என்று தினமும் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

மறைவதற்குள் ஒருநாள் காலை, குழந்தை அசையவில்லை என்றாள். ஸ்கேன் எடுத்தவர் டாக்டரைக் கூப்பிட்டார். துடிப்பு இல்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை.

அந்த இரண்டு நாளும் அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கழுத்தைப் பார்த்துத்தான் பேசினார். நான் வராந்தாவில் டாக்டரம்மாவைத் துரத்திப் பிடித்து, எப்படி ஆச்சு, எதனால ஆச்சு என்று நாலு விதமாகக் கேட்டேன். கொடி சுற்றியிருந்தது, யார் மேலயும் தப்பில்லை என்றார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அறைக்கு ஓடினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டாமல் இருக்க மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"யார் மேலயும் தப்பில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

அவள் திரும்பவில்லை. "தெரியும். நான் சயின்ஸ் டீச்சர்" என்றாள். பிறகு, "இப்ப உங்களுக்கு நிம்மதியா?" என்றாள்.

வீட்டுக்குப் போய் முழுக்க மழித்துவிட்டு வந்தேன். அதையும் அவள் பார்த்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். அவள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. மேஜை மேல் கிடந்த லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாள் தள்ளியிருக்கிறது என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ரேசரைத் தொடவில்லை. இந்த முறை சர்தார்ஜி அளவுக்கு வளர்த்துவிடுவது என்ற தீர்மானம். வேலையே போனாலும் சரி, முதலாளி என்னை வாட்ச்மேனாகப் போட்டாலும் சரி. அவளாகக் கவனித்துக் கேட்பாள் என்று பத்து நாள் காத்திருந்தேன். தட்டு வைக்கும்போது, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது எல்லாம் முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினேன்.

பதினோராம் நாள் காலை நானே போய் அவள் முன்னால் நின்றேன். ஸ்கூலுக்குப் புடவை மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாடி வைக்கறேன்மா. இந்தத் தடவ கழுத்துல ஒரு மயிர்கூடத் தொட மாட்டேன்."

அவள் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஷேவ் பண்ணிக்கோங்க, ஆபீசுக்கு லேட்டாகுது."