அண்டங்காகம் தொடாத பிடி

என் மனைவி எதற்கும் ஒரு மறுகேள்வி கேட்காமல் விடமாட்டாள். குளிர்காலம் முழுக்க வடக்கே ஒரு காட்டுக்குள் தனியாக இருந்துவிட்டு வரப்போகிறேன் என்று சொன்னபோது மட்டும், "போயிட்டு வாங்கோ" என்றாள். பயப்படத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

எல்லாம் கைத்தொலைபேசியால் வந்த வினை. உணவகத்துக் குசினியில் வேலை முடித்து வீடு இருக்கும் மொன்ட்ரியால்-நோருக்கு பஸ்ஸில் திரும்பும்போது வீடியோ பார்ப்பேன். தாடிக்காரர் ஒருவர் மரம் வெட்டிக் குடில் கட்டுவார். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார். ஒருவரோடும் பேசமாட்டார். எனக்கோ முழங்கால் நோ, சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது, தாடி வளர்த்தால் கடிக்கும். ஆனாலும் பார்க்கப் பார்க்க, அந்தத் தாடிக்காரர் நான்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்த வருடம் திருத்த வேலைக்காக உணவகத்தைக் குளிர்காலத்துக்கு மூடினார்கள். முன்பு என்னோடு சட்டி கழுவி ஓய்வுபெற்ற ஒரு கெபெக் கிழவருக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு வேட்டைக் குடில் இருந்தது. கூரையில் பனி ஏறி அமுக்காமல் வழித்துவிட ஒரு ஆள் தேடினார். நான் கையை உயர்த்தினேன். வீட்டில் எல்லோரும் நான் கையைக் கீழே போடுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எங்களோடு இருக்கிறா. பருப்பு, மிளகாய்த்தூள், பால்மா எல்லாம் கட்டிவைத்தா. மேலே தமிழ்க்கடை நாட்காட்டியையும் வைத்தா.

"அமாவாசையை விட்டிடாதை மோனை. காகத்துக்கு வைச்சிட்டுத்தான் நீ வாய் வைக்கோணும்."

அது அப்பாவுக்கான விரதம். ஒரு பிடி சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு வெளியில் வைப்போம். காகம் எடுத்தால் அப்பா எடுத்த மாதிரி. ஒரு பிடிதான். அதற்குமேல் எங்கள் வீட்டில் வைப்பதில்லை.

ஏனென்றால் அண்ணை ஊரில் நடந்த கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவர். அப்போது நான் இங்கே ஒரு நிலக்கீழ் அறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவருக்கு ஒரு பிடி வைத்தால் அவர் இல்லை என்று சொன்னதாகிவிடும். அதை அம்மா சொல்லவில்லை. ஆகவே ஒருவரும் சொல்லவில்லை. சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, அண்ணையின் படத்துக்கு இல்லை. வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் அம்மா அண்ணையின் கோப்பைக் கதையைச் சொல்லுவா. வயிறு நிறைந்தாலும் அம்மா பரிமாறுவதை நிறுத்தமாட்டா என்பதால், அண்ணை சாப்பிட்டு முடித்ததும் சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்துவிடுவார். நேற்று நடந்தது போலச் சொல்லிச் சிரிப்பா.

கிழவர் என்னைப் பனிவண்டியில் கொண்டுபோய் இறக்கி, அடுப்பையும் கோடரியையும் ஏரியில் துளைபோடும் இடத்தையும் காட்டினார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: வெளியில் சாப்பாடு வைக்கக் கூடாது, மிருகம் பழகிவிடும். கரடி வருமா என்று கேட்டேன். குளிருக்குத் தூங்கும் என்றார். நல்ல தூக்கமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அந்த வண்டிச் சத்தம் தேய்ந்து போனபிறகு வந்தது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. மொன்ட்ரியால்-நோரில் அமைதி என்றாலும் அதற்குள் பிரிஜ் உறுமும், மேல்வீட்டுக் குழந்தை ஓடும். இங்கே என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. முதல் வாரம் முழுக்க கதவுக்குக் குறுக்கே கதிரையை முட்டுக்கொடுத்தேன். யாரைத் தடுக்க என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே மனிதன் உள்ளேதான் இருந்தான். அடுப்போடு பேசினேன். வாளிக்குள் மூத்திரம் பெய்தேன். அந்த வீடியோக்களில் ஒரு தாடிக்காரரும் இதைக் காட்டியதில்லை.

ஆனாலும் வேலை பழகியது. விறகு பிளந்தேன், பனியை உருக்கிக் குடித்தேன், ஏரியிலிருந்து மீன் இழுத்துத் தூள்போட்டுக் குழம்பு வைத்தேன். தை அமாவாசை வந்தது. கிழவரின் சட்டம் ஒரு பக்கம், அம்மாவின் சட்டம் ஒரு பக்கம். கிழவர் வெகுதூரத்தில் இருந்தார். அம்மா அதைவிடத் தூரம்தான், ஆனால் அம்மா அல்லவா. தகரக் கோப்பையில் ஒரு பிடியை வைத்து விறகுக் குவியலின் மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒரு அண்டங்காகம் வந்தது. கோழியளவு உடம்பு, சிறகடித்தால் பாய் உதறும் சத்தம். அப்பா உயிரோடிருந்தபோதும் இப்படித்தான், வந்தால் ஒருவரையும் பாராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். எனக்குத் துணை கிடைத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பின்னேரம். வெளியே மூச்சு விட்டால் தாடியில் உறைகிற குளிர். (தாடி வந்திருந்தது, கடிக்கவும் செய்தது.) தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வெடி கேட்டது. மிகக் கிட்ட. அடுத்த வெடி கேட்டபோது நான் மேசைக்குக் கீழே கிடந்தேன், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. காதுப்பறை வெடிக்காமலிருக்க வாயைத் திறக்க வேண்டும் என்று சின்ன வயதில் பழகியது, ஒரு சொல்லும் மறக்கவில்லை. இந்த வயதில் இந்த வயிற்றோடு அவ்வளவு விரைவாக நுழைந்தேன்.

மரங்கள்தான். கடுங்குளிரில் உள்ளே இருக்கிற ஈரம் உறைந்து மரம் பிளக்கும்போது வெடிச்சத்தம் வரும் என்று கிழவர் சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். மேசைக்குக் கீழே கிடந்தபடியே சிரித்தேன். சிரித்து முடிந்தபிறகுதான் கவனித்தேன். நான் ஒரு கரையில் மேசைக்காலோடு ஒட்டி ஒடுங்கிக் கிடக்கிறேன். மற்றப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டிருந்தேன்.

ஊரில் குண்டு விழும்போது பங்கருக்குள் அண்ணை என்னை முதலில் தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் இறங்குவார், வாசல் பக்கம் அவருடையது. "அரக்கி இரு" என்று தள்ளியிருந்து இடம்விடச் சொல்லுவார். நான் அரக்கியிருந்தேன். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தால் அந்த இடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.

மாசி அமாவாசைக்கு அப்பாவின் பிடியை வைத்தேன். சட்டிக்குள் சோறு சூடாக இருந்தது. அங்கே அம்மா இல்லை, சுவரில் படம் இல்லை, யாரும் பார்க்கவில்லை. பகிடிக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இன்னொரு தகரக் கோப்பையை எடுத்து இரண்டாவது பிடியை வைத்தேன்.

அண்டங்காகம் வந்தது. அப்பாவின் பிடியைத் தின்று முடித்தது. மற்றக் கோப்பையைச் சுற்றி நடந்தது. தலையைச் சரித்துச் சோற்றைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தொடாமல் பறந்துவிட்டது.

நான் கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். காட்டுக்குள் ஒரு நடுத்தர வயதுக்காரன் காகம் மாதிரிக் கத்துகிறான், தூங்குகிற கரடி எழும்பிச் சிரித்திருக்கும். வெளிச்சம் மங்கியது. வைத்ததை உள்ளே எடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. உள்ளே எடுத்தால் யாரை உள்ளே எடுக்கிறேன்? விரதக்காரன் காகம் தொடுமுன் சாப்பிடக்கூடாது; அப்பாவுடையதைத் தொட்டுவிட்டதுதானே என்று வாதாடி, பசி என்னை வென்றது.

காலையில் புதுப் பனி விழுந்திருந்தது. ஒரு கால் தடமும் இல்லை. அப்பாவின் கோப்பை நிமிர்ந்தபடி, பனி நிரம்பி இருந்தது. மற்றது கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். கீழே ஒரு பருக்கையும் இல்லை.

கீரி மாதிரி ஒரு மிருகம் அங்கே உண்டு. காற்றும் உண்டு. இரண்டையும் அன்று முழுக்க அடுப்புக்கு விளக்கிச் சொன்னேன்.

பங்குனியில் வீடு திரும்பினேன். மெலிந்துபோனேன் என்று மனைவி சோற்றைக் குவித்தாள். நான் வழக்கம்போல நடித்துக்காட்டத் தொடங்கினேன்: வாளி, கதிரை, அடுப்போடு பேச்சு. அம்மா வாய்பொத்திச் சிரித்தா. அந்தச் சிரிப்பில் மயங்கி, அண்டங்காகம் நடப்பதையும் நடித்தேன். ஒன்றைத் தின்றது, மற்றதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது என்றேன்.

அம்மா சிரிப்பதை நிறுத்தினா. "மற்றது ஆருக்கு?"

மனைவி கரண்டியை வைத்துவிட்டாள். நான் அண்ணையின் படத்தைப் பார்த்தேன். அம்மா அழுவா, அல்லது என்னை வீட்டைவிட்டுத் துரத்துவா என்று காத்திருந்தேன்.

"அது தொடவே இல்லையோ?"

"இல்லை அம்மா."

அம்மா தன் சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்தா.

"அப்ப அவன் எங்கையோ சாப்பிட்டிருக்கிறான்" என்றா.

அன்று அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. காலையில் கோப்பை கவிழ்ந்து கிடந்ததை நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அம்மாவே இரண்டு கோப்பை எடுத்துவைத்தா. எங்கள் பின்பக்கப் பல்கனி மூன்றாம் மாடியில், இரும்புப் படிக்கட்டோடு இருக்கிறது. அம்மா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கதிரை போட்டு இருப்பா. அப்பாவின் பிடியைக் காகம் எடுக்க வேண்டும், மற்றது அப்படியே கிடக்க வேண்டும். ஆனால் மொன்ட்ரியால் காகத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. அணில் ஒன்று படியேறி வரும். ஆற்றிலிருந்து கடற்பறவைகளும் வந்துவிடும். ஆகவே நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு காவல் நிற்கிறேன். அப்பாவின் கோப்பைக்கு வழிவிட்டு, அண்ணையின் கோப்பைக்குக் கிட்ட வருவதையெல்லாம் துரத்துகிறேன். எதிர்வீட்டுக்காரர் முதலில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். இப்போது திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். பறவைகளைப் பிடிக்காத மனிதன் என்று நினைக்கிறார் போல.

அண்ணையின் சோற்றை யாரும் தின்னவிடாமல் அடித்துக் கலைப்பவன் நான்தான். அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்து, தலையாட்டி, எழும்பிப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவா.

அம்மா போனதும் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் உள்ளே வந்துவிடுவேன். கண்ணாடிக்குத் திரை இழுத்துவிடுவேன். அண்ணையின் கோப்பையை எடுக்கப் பிறகுதான் போவேன். இதுவரை வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது, நிமிர்ந்துதான் இருந்திருக்கிறது. ஆனாலும் கதவைத் திறக்க முதல் ஒருக்கா செருமிக்கொள்கிறேன், உள்ளே ஆள் இருக்கும் அறைக்குள் போகிற மாதிரி.