தடை செய்த விளையாட்டில் கேட்ட மன்னிப்பு

அந்த விளையாட்டை அரசாங்கம் தடை செய்துவிட்டது என்று எனக்குச் சொன்னது எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். பேண்டேஜ் சுருளை உறைக்குள் தள்ளிக்கொண்டே, யாரோ நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி மாதிரி சாவகாசமாகச் சொன்னாள்.

"இனிமே போன்ல யாரும் துப்பாக்கி சுட முடியாதாம்க்கா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த சுருளைப் பிரித்தேன், சுற்றினேன், மறுபடி பிரித்தேன். முப்பத்து நாலு வயசு, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர், இவள் ஒரு துப்பாக்கி விளையாட்டுக்காகவா இப்படி அல்லாடுகிறாள் என்று கேட்பீர்கள். விளையாட்டு யாருக்கு வேண்டும்? அதற்குள்தான் என் தம்பி இருந்தான்.

அவன் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். மூன்று வருடமாக நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் சொன்ன அதே மாதம், எனக்குப் பேசி முடித்திருந்த இடம் தட்டிப் போனது. கல்யாணப் பத்திரிகையோடு அவன் வாசலுக்கு வந்தபோது அப்பா உள்ளே போய்விட்டார். பேசியது நான்தான். அந்தப் பெண்ணைப் பற்றி, அவளை வளர்த்தவர்களைப் பற்றி, தெருவே கேட்கும்படி பேசினேன். அவள் தெருமுனையில் வண்டிப் பக்கத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தம் போட்டேன்.

கடைசியில், "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கெடையாது" என்றேன். அவன் பத்திரிகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்து, சும்மா பொழுது போக்க அந்த விளையாட்டைப் போனில் ஏற்றி, என் பெயரையும் ஊரையும் சேர்த்து ஐடி வைத்தேன். ஒரு வாரத்தில் நட்பு கேட்டு ஒரு ஐடி வந்தது. சின்ன வயதில் நான் தம்பியைக் கூப்பிட்ட செல்லப் பெயர், வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர். அவசரத்தில் தப்பான பட்டனை அழுத்திவிடுவேனோ என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே அணியில் இறங்கினோம். மைக்கில் விளையாட்டுப் பேச்சு மட்டும்தான். விளையாட்டு வரைபடத்தில் இருந்த இடங்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தோம். கிடங்குகள் வரிசையாக இருந்த இடம் மில்லு. மலையடிவாரத்தில் தண்ணீர் ஓடிய இடம் அய்யனார் கோவில். "ஏலே, அய்யனார் கோவில்ல எறங்கு" என்பேன். "எறங்குதேன், நீ மில்லுப் பக்கம் போயிராத, அங்க நாலு பேரு நிக்கான்" என்பான். நடுவில் போகிறபோக்கில் ஒரு வீட்டுச் செய்தி சொருகுவேன். "அம்மாவுக்குச் சக்கரை கொறஞ்சிருக்கு, அந்த மருந்துப் பெட்டிய எடு." ஓடிக்கொண்டிருந்த அவன் ஆள் அப்படியே நிற்பான். பிறகு, "எடுத்துட்டேன்" என்பான். அவன் கல்யாணப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

போன் நம்பரை நான் கேட்கவில்லை. பழைய நம்பரை அவன் மாற்றிவிட்டிருந்தான். கேட்டால் தந்திருப்பான். ஆனால் கேட்டால் தோற்றுவிட்டதாக ஆகும் என்று நினைத்தேன். எனக்கு வாய்தான் நீளம்.

தடை வந்ததும் விளையாட்டு உடனே நிற்கவில்லை. ஸ்டோரில் இருந்து எடுத்துவிட்டார்கள், ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் ஓடியது. அந்த நாட்களிலாவது நம்பரைக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்போம், இந்த ஆட்டம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே போகவே இல்லை.

நம்முடைய விவரமெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது, அதனால் தடை என்று டிவியில் சொன்னார்கள். போனால் போகட்டுமே! எங்கம்மா சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்டை எவன் வைத்து என்ன செய்யப்போகிறான்? டிவியை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். அம்மா, "ஒனக்கு என்னட்டி ஆச்சு, கோட்டி புடிச்சவ மாதிரி" என்றாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சத்தத்தைக்கூடக் குறைக்காமல் பேசினார்.

"ஸ்டோர்லதான இல்ல? நம்மகிட்ட ஒடச்ச காப்பி இருக்கு. நீங்க வேற தேசத்துல இருந்து வெளயாடுத மாதிரி காட்டும்."

"போலீஸ் கீலீஸ் வந்துராதுல்லண்ணே?"

"வந்தா அவியளுக்கும் ஏத்திக் குடுப்பேன்."

போன் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கேமரா, மெசேஜ், போனில் உள்ள நம்பர்கள். எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று அழுத்தினேன். பழைய ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டதும் விளையாட்டு திறந்துகொண்டது. மைக் மட்டும் வேலை செய்யவில்லை.

மூன்று நாள் தம்பியின் பெயர் அணைந்தே கிடந்தது. கம்பெனியில் பாத்ரூமுக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அழைத்தேன், வந்தான். அவனுக்கும் இதே காப்பிதான், மைக் இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன்: அய்யனார் கோவில்ல எறங்கு. அவன் வேறெங்கோ இறங்கினான். நான் சுடப்பட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தபோது தாண்டிக்கொண்டு ஓடினான்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேறு யாராவது என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. கோபமாக இருக்கிறான், இத்தனை நாள் அடக்கி வைத்த கோபத்தை இப்போது காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். நான் பேசிய பேச்சுக்கு அது நியாயம் என்றும் பட்டது.

ஆகவே எழுதினேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, யாரோ என்னைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சின்னப் பெட்டிக்குள் துண்டு துண்டாக எழுதி அனுப்பினேன். அன்னைக்கு வாசல்ல நான் பேசுனது தப்பு. என் கல்யாணம் நின்னதுக்கு நீ காரணம் இல்ல. மூணு வருசமா தூக்கம் இல்ல. அக்காவ மன்னிச்சிரு.

பதில் வந்தது. இந்தி, இங்கிலீஷ் எழுத்தில். யார் நீ, சும்மா மெசேஜ் போடாதே, உன்னிடம் இருக்கிற அந்தத் தங்க நிறத் துப்பாக்கியைக் கொடு. அந்த அளவு இந்தி எனக்கும் புரியும்.

மறுநாள் காலையில் கடைக்காரரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். "ஒடச்ச காப்பில போடுத பாஸ்வேர்டு யாரு கைக்குப் போகும்னு சொல்ல முடியாதுக்கா. ஒங்க தம்பியும் இப்படி ஒண்ணு ஏத்திருப்பாரு, அவரு ஐடிய எவனாவது தூக்கிருப்பான்" என்றார்.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

"நீங்க கேக்கலியே."

விவரம் வெளியே போகக் கூடாதென்று அரசாங்கம் கதவைச் சாத்தியது. நானும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, உள்ளதையெல்லாம் கொண்டுபோய்த் திருடன் கையில் கொடுத்திருக்கிறோம். அரசாங்கத்தின் மீது கோபம் வந்தது, கடைக்காரர் மீது வந்தது. எல்லாம் சுற்றிவிட்டு என் மீதே வந்து நின்றது. மூன்று வருடம் வாயில் வைத்திருந்ததை முகம் தெரியாத ஒருவனிடம் கொட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றேன். எந்தத் தெரு என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது, வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கதவைத் திறந்த தம்பி ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

"ஒன் ஐடி களவு போயிருச்சு, தெரியுமாலே?" என்றேன். மூன்று வருடம் கழித்து முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு.

"தெரியும். ஒரு வாரமாச்சு."

"அதுல நீன்னு நெனச்சு நான் ஒண்ணு எழுதிட்டேன்."

"என்ன எழுதுன?"

சொன்னேன், ஒரு வரி விடாமல். அவன் தலை குனிந்தபடி கேட்டான். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுதால் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சரிக்கா. எனக்கு அப்பமே ஆறிப்போச்சு. இல்லைன்னா வெளயாட்டுல ஒன்னத் தேடிப் புடிச்சு ரிக்வெஸ்ட் அனுப்பிருப்பனா?" என்றான். கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு நீ பேசுனது பூராவும் அவளத்தான. அவகிட்ட என்ன சொல்லப்போற?"

நான் எழுதிய அத்தனை துண்டுகளிலும் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் உள்ளே திரும்பி, "இங்க வா, ஒன்கிட்டப் பேச ஆள் வந்திருக்கு" என்று கூப்பிட்டான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள்.