கலியாண அழைப்பிதழைக் கொண்டுவரும் மூன்று விசைகள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். எழுத்தும் கோணல், ஞாபகமும் முன்புபோல் இல்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸைப் பூசிய மூன்று கொம்பியூட்டர் விசைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. பூசியவள் என் மச்சாள், என் கணவரின் தங்கை.

சுனாமி அவளுடைய புருசனையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, செங்கலடியில் ஒரு சிறிய அறை எடுத்து, நிவாரணமாகக் கிடைத்த கொம்பியூட்டரை வைத்துத் தட்டச்சுக் கடை போட்டாள். அச்சான தாள்களை வெட்டி மடிப்பது என் வேலை. கலியாண அழைப்பிதழ்கள், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அழைப்புகள் என்று அடித்துக்கொண்டிருந்தவளிடம், போர் முடிந்த வருடம் வேறு ஆட்கள் வந்தார்கள். வன்னியில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார். பிள்ளைகளைத் தேடித் தரச்சொல்லி அவர்களுக்கு முறைப்பாடு அடித்துக் கொடுப்பவர்களையும் புலனாய்வுக்காரர் விசாரிக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சிவில் உடுப்பில் ஆட்கள் கடைக்குள் சும்மா நுழைந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

திரையைச் சட்டென்று மாற்ற மச்சாள் வழி தேடினாள். கொம்பியூட்டரில் ஏற்கெனவே இருந்த விசைகள் கடைசியாகப் பார்த்த பக்கத்துக்குத்தான் போகும். இரண்டு தாய்மாரின் முறைப்பாடுகள் திறந்திருந்தால், ஒன்றை மறைக்கப் போய் மற்றது வந்து நிற்கும். எப்போது அமத்தினாலும் கலியாண அழைப்பிதழ்தான் வர வேண்டும் என்றாள். முதலில் மேல்வரிசையில் ஒற்றை விசையை அதற்கு ஒதுக்கினாள். ஒரு தாய் மகளைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் விரல் தவறிப் பட்டு, அழைப்பிதழின் குத்துவிளக்கு திரையில் எழும்பியது. அதன் பிறகுதான் இடக்கையை விரித்து மூன்று விசைகளை ஒன்றாக அமத்தும்படி மாற்றினாள். எனக்கும் தெரியட்டும் என்று கியூட்டெக்ஸ் பூசினாள்.

“மச்சாள், வெளியில போய் அவங்கள் மாதிரி வாங்க,” என்றாள் என்னிடம். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

“நான் அப்படி நடந்தா ரோட்டில நிக்கிற மாடும் சிரிக்கும் கா.”

“சிரிக்கட்டும். நீங்க படி ஏறக்குள்ள இது மாறுதா எண்டு பாருங்க.”

மாறியது.

பிறகு ஒருநாள் செட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். மகனின் பெயரையும் வயதையும் அடித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் படியேறினார்கள். மச்சாளின் இடக்கை விரிந்தது. திரையில் குத்துவிளக்கு, அதன் கீழே ‘எங்கள் அன்பு மகன்’ என்ற வரி. இப்படி மாறும் என்று முன்பே சொல்லித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் அந்த வரியை வாசித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் இந்த அம்மா அழுறா?” என்றான் ஒருவன், நல்ல தமிழில்.

“மகன்ட கலியாணம். சந்தோசத்தில அழுறா,” என்றாள் மச்சாள், திரும்பாமலே.

“அப்படியா அம்மா? மகன்ட பேர் என்ன?”

அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அதில் இருந்த மாப்பிள்ளையின் பெயரை, யாரோ பெற்ற பிள்ளையின் பெயரை, மெதுவாக வாசித்தாள்.

“எங்களுக்குச் சாப்பாடு இல்லையா?” என்று மற்றவன் சிரித்தான்.

“வாங்க தம்பி,” என்றாள் அவள்.

அவர்கள் போன பிறகு மச்சாள் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தாள். அந்தத் தாய் எழும்பிவிட்டாள்.

“வேண்டாம் பிள்ள. இன்னொருத்தனை மகன் எண்டு சொன்ன வாயால என்ட பிள்ளையை எப்படிக் கேக்கிற?”

“உங்கட உயிரையும் எங்கட உயிரையும் காப்பாத்தினீங்க அம்மா. இருங்க, முடிச்சுத் தாறன்.”

“மறுகா வாறன்.”

வரவில்லை. அன்றைக்கே மச்சாள் அந்த விசைகளை அமத்தினால் பிள்ளைகளின் பெருக்கல் வாய்பாடு வரும்படி மாற்றினாள். அதைப் பார்த்து ஒருவரும் அழமாட்டார்கள் என்றாள். பாதியில் நின்ற முறைப்பாட்டை அவள் அழிக்கவே இல்லை. இப்போது மச்சாளும் இல்லை, கடையும் இல்லை.

அந்தத் தாய் செட்டிபாளையந்தானா, களுதாவளையா என்று எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். அவளைக் கண்டால், அந்தப் பாதி முறைப்பாட்டில் இருந்த மகனின் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் அதை இங்கே எழுதவில்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.