மொட்டைமாடியில் இரண்டு கண்ணாடித் தட்டுகள்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் தினமும் ரயிலேறி நகரத்துக்குப் போய் வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

இலவங்கப்பட்டையில் இருக்கும் அமிலத்துக்கு உறவான ஒரு வெள்ளைத் தூள்தான் என் பொருள். அதைக் கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம்போல அலையும், ஒன்றோடொன்று சேராது. படிகத்துக்குள் அவற்றுக்கு நகர இடமில்லை. ஆனால் பக்கத்து மூலக்கூறு போதிய நெருக்கத்தில், சரியான வாட்டத்தில் நின்றிருந்தால், வெளிச்சம் பட்டதும் இரண்டும் பிணைந்து ஒன்றாகிவிடும்.

அந்தக் கோடையில் ஆய்வகத்தின் புற ஊதா விளக்கு எரிந்துபோனது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார் என் நெறியாளர்.

"வெயில் இருக்கே சார்," என்றேன்.

"வெயில்ல காயவைக்க இது என்ன வத்தலாம்மா?" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. ஒரே பொருளை இரண்டு வெவ்வேறு திரவங்களில் கரைத்து இரண்டு விதமாகப் படிகமாக்கினேன். அவற்றின் எக்ஸ்ரே ஆய்வில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்திருந்தேன். முதலாவது வினைபுரியும், இரண்டாவது அசையாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டையும் கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, தூசி விழாதபடி மேலே கண்ணாடிச் சில்லைத் தளர்வாக மூடி எங்கள் மொட்டைமாடியில் வைத்தேன்.

முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்த மேல்வீட்டு அக்கா துணி உலர்த்த வந்தவள் குனிந்து பார்த்தாள். "இன்னா பாப்பா, மாவு காயவெச்சுகினு கீறே?"

"மாவு இல்லக்கா. வெயில்ல இது வேற பொருளா மாறும்."

"பாத்தா அப்டியே தானே கீது!"

"அப்படியேதான் தெரியும். உள்ளதான் மாறும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது படியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "பாப்பா! மானம் கறுத்துகினு வருது! உன் மாவு நனையப் போவுது!"

தட்டை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் பட்டுப்புடவையோடு மாடிக்கு ஓடினேன். முதல் தூறல் விழும்போது இரண்டு தட்டுகளும் என் கையில் இருந்தன. இறங்கி வந்து, நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. "பொண்ணுக்கு வீட்டுப் பொறுப்பு பத்தாது" என்றார்களாம். அம்மா அழுதாள். எனக்கு அம்மாவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. மற்றபடி, ஓடியது சரிதான் என்பதில் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் நெறியாளர் பக்கத்தில் நிற்க, உருகுநிலை பார்த்தேன். இரண்டாவது தட்டின் தூள் பழைய பொருள் உருகும் வெப்பத்திலேயே நீராக இளகியது. முதல் தட்டின் தூளோ அந்த இடத்தைத் தாண்டி வெப்பமானி ஏறிக்கொண்டே போக, வெள்ளையாக அப்படியே நின்றது. அது வேறு பொருள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை பண்ணு," என்றார். பண்ணினேன். அதே விடை. புது விளக்கு வந்த பிறகும் அதே விடை.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், ஒளி எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடவேண்டிய இடத்தில், 'சூரியன், ஆவடி' என்று தட்டச்சு செய்து கொடுத்தேன். வரிக்கு வரி சிவப்பு மை வைக்கிறவர் அதைத் தொடவில்லை.